மயிலாப்பூருக்கு வீடு மாற்றலாமா? பாட்டு, மிருதங்கம், நாகஸ்வரம், ஸ்டூடியோ: நாலுக்கும் ஒரே பதில் இல்லை

தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கர்நாடக சங்கீதம் கற்கும் ஒரு பிள்ளை நன்றாகப் பாடினாலோ வாசித்தாலோ எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "மெட்ராஸுக்குப் போயிடு." அதாவது, கச்சேரி நடத்தும் அமைப்புகளான சபாக்கள் நிறைந்த மயிலாப்பூர் பக்கம். யோசனையில் தப்பில்லை, எல்லோருக்கும் அதையே சொல்வதுதான் தப்பு. கச்சேரி உங்களைத் தேடி எத்தனை நாள் முன்னால் வருகிறது என்று பாருங்கள். பாதி முடிவு அதிலேயே இருக்கிறது.

முதலில் பக்கவாத்தியம், அதாவது பாடகருக்குத் துணையாக வாசிக்கிற மிருதங்கம், வயலின். பாடகரின் பெயரைச் சபா பல மாதம் முன்பே முடிவு செய்துவிடும். மிருதங்கத்துக்கு யார் என்பது கடைசிவரை மாறும். ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு ஒரே நாளில் இரண்டு கச்சேரி, உடனே போன் வரும்: "நாளைக்கு 2 மணிக்கு ஃப்ரீயா?" அப்போது மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளியில் இருப்பவர் "வந்துடறேன்" என்பார், கும்பகோணத்தில் இருப்பவர் ரயில் பார்ப்பார். இப்படி நாலு தடவை ரயில் பார்த்தால் ஐந்தாவது அழைப்பு வராது. வளரும் மிருதங்கக்காரருக்குப் பாதி வாய்ப்பு இந்த அவசர அழைப்புகளில்தான் இருக்கிறது.

வாத்தியத்தின் சுமை வேறு. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்: ஆண் குரல் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டி நிற்கும், பெண் குரல் 5 கட்டையை ஒட்டி. கல்லும் மரத்துண்டும் வைத்துத் தட்டி ஒரு மிருதங்கத்தை அரைக் கட்டை ஏற்றி இறக்கலாம், அதற்கு மேல் இழுத்தால் நாதம் போய்விடும். ஆகவே தாழ்ந்த (தக்கு) சுருதிக்கு ஒன்று, உயர்ந்த (ஹெச்சு) சுருதிக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும். இரண்டையும் ஸ்லீப்பர் பெட்டியில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், முதுகு சொல்லும். கடல் காற்று ஈரத்தில் தோல் தளர்வதும் உண்டுதான். அதற்காகச் சென்னையை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. பக்கவாத்தியம் என்றால் போகத்தான் வேண்டும், அதுவும் 25 வயதுக்குள் போவது நல்லது. வயலினுக்கும் இதே கணக்குதான், ஒரு பெட்டியோடு போகும் என்பதால் சுமை மட்டும் குறைவு.

பாடகருக்குக் கணக்கு மாறுகிறது. மார்கழிக் கச்சேரி மார்கழியில் முடிவாவதில்லை. விண்ணப்பமும் ஒலிப்பதிவும் ஆண்டின் நடுவிலேயே போயிருக்க வேண்டும்; செப்டம்பர், அக்டோபருக்குள் பெரும்பாலான சபாக்களில் பட்டியல் தயாராகிவிடும். இவ்வளவு முன்னால் தெரிகிற தேதிக்கு வருஷம் முழுக்க வாடகை கட்டுவானேன்? மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவு திருச்சியில் ஏறினால் விடியும்போது சென்னை. அகில இந்திய வானொலி கலைஞர்களுக்குத் தரும் தரநிலைக்கும் ஊர் தடையில்லை: திருச்சி நிலையம் 1939 முதல் இருக்கிறது, கோவை, மதுரை, திருநெல்வேலியிலும் நிலையங்கள் உண்டு. அந்தத் தரங்களில் ஒன்றான பி-ஹை வாங்கச் சென்னை முகவரி தேவையில்லை.

குடிபெயர்ந்த இளம் பாடகர்களுக்கு நேர்வது பெரும்பாலும் இதுதான்: பகல் 12 மணி, 2 மணி இலவசக் கச்சேரிகளில் கிடைக்கும் சன்மானம் ஆட்டோவுக்கே சரியாகப் போகும். வாடகைக்காகக் காலை, மாலை இரண்டு வேளையும் வகுப்பு எடுக்க நேரும். வகுப்பில் குரல் தேயும், சொந்தப் பயிற்சியான சாதகம் நின்றுபோகும். இரண்டு வருஷம் கழித்து, ஊரில் இருந்தபோது பாடிய அதே பதினைந்து கிருதிகளோடு மேடையில் இருப்பார்கள். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. குருவே சென்னையில் இருந்து, நேரில் உட்கார்ந்து பாடம் கேட்க முடியுமானால் யோசிக்காமல் போகலாம். மாலையில் எந்தச் சபாவிலாவது பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே சேர்க்கிற கேள்வி ஞானமும் வேறு எந்த ஊரிலும் இந்த அளவுக்குக் கிடைக்காது.

நாகஸ்வரக்காரர் நகர வேண்டாம். ஆச்சா மரத்தில் கடைகிற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊதுவதற்கு வாயில் வைக்கும் சீவாளிக்கான நாணலும் அதைக் கட்டுகிற கைகளும் காவிரிக்கரையில்தான். கோயில் உற்சவங்களும் டெல்டாவிலேயே அதிகம். சென்னைக் கல்யாண வீட்டார் தஞ்சை ஜில்லா நாகஸ்வரக் குழுவை வேன் வைத்து அழைப்பது இன்றும் நடக்கிறது. மயிலாப்பூர் முகவரி எழுதினால் அந்த மவுசுதான் குறையும். மார்கழியில் கல்யாணம் கிடையாது, அதனால் சபா கச்சேரிக்குத் தேதியும் இடிக்காது.

சினிமா ஒலிப்பதிவுக்கு ஒரு காலத்தில் கோடம்பாக்கம், சாலிகிராமம் தவிர வழியில்லை. இப்போது தாளத்தைக் காட்டும் கிளிக் டிராக்கை அனுப்பி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக வாங்கிக்கொள்கிறார்கள். தனி வாத்தியம் என்றால் வீட்டிலிருந்தே முடியும். வெறும் அறையின் எதிரொலி விழுந்தால் ஃபைல் திரும்பி வரும், கம்பளியாவது தொங்கவிடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும் வயலின் செக்‌ஷன் வேலை வேண்டுமென்றால் கால்ஷீட்டுக்கு நேரில் நிற்க வேண்டும், யூனியன் கார்டும் வேண்டும்.

போவது என்று முடிவானால் பணத்தை இப்படிப் பாருங்கள். 15,000 வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்று கேட்டால் அதிலேயே 1,50,000 முடங்கும். அதற்கு மேல் ஆறு மாத வாடகை, சாப்பாட்டுக்கான தொகை கையில் இருக்க வேண்டும். டிசம்பரில் வந்து கூட்டத்தைப் பார்த்து மயங்கி வீடு பிடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஜனவரி கடைசியில் சீசன் ஓய்ந்துவிடும். நண்பர் அறையிலோ மாத வாடகை அறையிலோ டிசம்பரில் தொடங்கி மார்ச் முடியும் வரை இருந்து, வந்த அழைப்புகளைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். சீசன் ஓய்ந்த பிப்ரவரியிலும் மார்ச்சிலும் விழுந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் காலியான அந்த வீட்டிலேயே காலை 5 மணிக்கு அரை மணி நேரம் வாசித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். வீட்டுக்காரர் தயங்கினால் வேறு வீடு பாருங்கள்.