ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு: 7ஆம் வகுப்பில் 8 வாரம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் தமிழ் ஆசிரியை நான். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் எழுதிய நாட்குறிப்பை இந்த ஆண்டு, தமிழில் சுருக்கப் பதிப்பாக 14 பிரதிகள் வாங்கினேன். 8 வாரம் வகுப்பில் வாய்விட்டுப் படித்தோம்.

நாஜிகள் கொன்ற யூதர்கள் 60 லட்சம் என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் அதைத் தேர்வுக்குக் குறித்துக்கொள்வார்கள். அதனால் 1942 ஜூன் 20ஆம் தேதிப் பக்கத்தை முதலில் எடுத்தேன். யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும், சைக்கிளை ஒப்படைக்க வேண்டும், டிராமில் ஏறக் கூடாது, கடைக்குப் போக மாலை 3 முதல் 5 வரைதான் அனுமதி. சைக்கிள் வந்ததும் வகுப்பு அமைதியானது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தென்னந்தோப்பு வழியே சைக்கிள் மிதித்து வருகிறவர்கள். “திருப்பிக் கொடுப்பார்களா டீச்சர்?” என்று ஒரு பெண் கேட்டாள். அன்று அதற்கு மேல் படிக்கவில்லை.

அடுத்த வாரம், “அவள் எந்த நாட்டுக்காரி?” என்ற கேள்வி வந்தது. பிறந்தது 1929இல், ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில். 1935ஆம் ஆண்டுச் சட்டம் யூதர்களை முழுக் குடியுரிமையிலிருந்து விலக்கியது. வெளிநாட்டில் வாழ்ந்த ஜெர்மானிய யூதர்களிடம் எஞ்சியிருந்ததையும் 1941 நவம்பர் ஆணை பறித்தது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஆன் நாடற்றவள் ஆனாள். கொரோனாக் காலத்தில் கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச்சாவடியில் தன் பாட்டியைத் திருப்பி அனுப்பியதை ஒரு பையன் சொன்னான். அதுவும் இதுவும் ஒன்றல்ல, அது நோய்க்கான தடை, பாட்டியை யாரும் அயலாள் என்று சொல்லவில்லை என்று உடனே விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்படியென்றால் ஆனுக்குத் திரும்பிப் போக ஊரே இல்லையா?” என்றான். குடிமையியல் பாடத்தில் எத்தனையோ ஆண்டு நடத்தியும் இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

இந்தப் புத்தகத்தை வாங்கச் சொல்வதற்கு முதல் காரணம் மீப் கீஸ். ஆம்ஸ்டர்டாமின் பிரின்சன்கிராக்ட் தெரு 263ஆம் எண் கட்டடத்தில், புத்தக அலமாரிக்குப் பின்னே 8 பேர் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒளிந்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறும் செய்தியும் கொண்டுவந்தவர்களில் மீப் ஒருவர். 1944 ஆகஸ்ட் 4 கைதுக்குப் பிறகு ஆனின் தாள்களைப் பொறுக்கி, படிக்காமல் மேசையில் பூட்டிவைத்தவர். “சட்டத்தை மீறினாரே, அவர் நல்ல குடிமகளா?” என்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டு பாடவேளை போனது. சட்டத்தை மதி என்று நாங்கள்தானே சொல்லித்தந்தோம்! நான் பதில் சொல்லவில்லை. பிள்ளைகளே, ‘அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யார், அதில் யூதர்களுக்கு ஓட்டு இருந்ததா’ என்று போய்ச் சேர்ந்தார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். இந்தப் பதிப்பில் ஆனுக்கும் அம்மாவுக்கும் நடக்கும் சண்டைகளை வெட்டிவிட்டார்கள். இது பெரிய தவறு. அம்மா மேல் எரிந்து விழுகிற, யாரும் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று அழுகிற அந்தப் பெண்ணைத்தான் 12 வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவளை எடுத்துவிட்டால் படத்துக்கு மாலை போட்டதுபோல் ஆகிவிடுகிறது. எழுத்தும் பொடி, கடைசி பெஞ்சில் தூக்கிப் பிடித்துப் படித்தார்கள். ஒரே பெயரை இரண்டு விதமாக அச்சிட்டிருக்கிறார்கள்.

வாங்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று: மஞ்சள் நட்சத்திரம் குத்தி நடிக்கவைக்கலாமே என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். மறுத்துவிட்டேன். வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகமும் ஆசிரியர்களுக்கு அதைத்தான் சொல்கிறது. அந்தத் துயரம் அரை மணி நேர விளையாட்டுக்குள் அடங்காது.

முடிவை மறைக்கவில்லை. 1945 தொடக்கத்தில் ஆன் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் இறந்தாள், வயது 15. எட்டுப் பேரில் திரும்பியவர் அப்பா ஓட்டோ மட்டும். அந்தப் பாடவேளையில் கடைசிப் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை, நானும்தான்.

வாங்குவதென்றால் முழுப் பதிப்பாக வாங்குங்கள். நூலகத்திலிருந்து அதை எடுத்து, அம்மாவோடு சண்டை போடும் இரண்டு பக்கங்களைக் கையால் எழுதி, ஒரு பிரதியில் மட்டும் ஒட்டிவைத்தேன். வீட்டுக்கு எடுத்துப் போக இப்போது அந்தப் பிரதியைத்தான் கேட்கிறார்கள்.