தலைமாட்டில் கோரைப் பாய்: மூன்று கார்த்திகை கடந்த பிறகு

பாயில் குறை இல்லை. பாய்க்குப் பின்னால் குடியேறும் பல்லிதான் குறை. கும்பகோணத்தில் வாடகை வீட்டுக்குப் போகும் நண்பர் ஒருவர், கட்டில் தலைமாட்டுச் சுவரில் கோரைப் பாய் அடிக்கலாமா, செலவு கம்மியாக அறை அழகாகுமா என்று கேட்டார். மூன்று மழைக்காலம் சுவரில் இருந்த பாயை வைத்து, உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அளவில் ஒரு சௌகரியம் தானாகவே அமைகிறது. 6 அடிக்கு 3 அடிப் பாயைக் குறுக்காகத் திருப்பினால், 5 அடி அகலக் கட்டிலுக்கு இருபுறமும் அரையடி மிஞ்சும். கத்திரி வைக்கவே வேண்டாம். வெட்டாமல் வைப்பது ரொம்ப முக்கியம். பாயில் நூல் நெடுக்கே ஓடும், கோரை குறுக்கே ஓடும். நூலை அறுத்தால் கோரை ஒவ்வொன்றாகக் கழன்று வரும். கோரையை அறுத்தால் ஓரத்தில் மடங்கித் திரும்பிய பிடிமானம் போய், குச்சி குச்சியாக நழுவும். வெட்டியே தீர வேண்டிய இடத்தில், வெட்டப்போகும் கோட்டுக்கு இருபுறமும் இரண்டிரண்டு வரி தையல் போட்டுவிட்டு அப்புறம் வெட்டி, கரைத்துணி வைக்க வேண்டும். மெஷினில் 18ஆம் நம்பர் ஊசி, நீளத் தையல். பொடித் தையல் போட்டால் தபால்தலை ஓரம்போல ஓட்டை வரிசையாகி அந்தக் கோட்டிலேயே கிழியும். மடிக்கிற இடத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். காய்ந்த கோரையை மடித்தால் முறியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். முசிறிப் பக்கமும் கொள்ளிடத்தை ஒட்டிய தைக்காலிலும் கோரைப் பாய் கிடைக்கும். தைக்காலுக்குப் போனால் பிரம்புச் சாமான்களையும் கையோடு பார்த்துவிடலாம். படுக்க வாங்குகிறவர்கள் வழுவழுப்பான, நெருக்கமான பாயைத் தேடுவார்கள். சுவருக்கு அது வேண்டாம், கொஞ்சம் தடித்த கோரையே நல்லது. ஏன் என்பதை விளக்கு பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். சாயப் பாய் என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் அழுத்தித் தேயுங்கள். சிவப்போ பச்சையோ துணியில் ஏறினால், மழைக்காலத்தில் அது தலையணை உறையிலும் ஏறும். நூலில் ஒரு இழையைப் பிரித்து நெருப்பில் காட்டினால், பருத்தி சாம்பலாகும், நைலான் உருகி மணியாகத் திரளும். சுவருக்கு நைலான் நூல் மோசமில்லை, ஈரத்தில் இற்றுப் போகாது. ஆனால் பருத்தி விலை கொடுத்து நைலான் வாங்கக் கூடாது. கடைசியாக ஓரத்தைக் கையால் வளைத்துப் பாருங்கள். துவண்டு வளைந்து, கையில் கனமாகவும் இருந்தால் கோரை சரியாகக் காயவில்லை. அந்தப் பாய் முதல் ஐப்பசியிலேயே பூசணம் பிடிக்கும்.

சுருட்டி வைத்த பாய் சுருண்டுகொண்டேதான் நிற்கும். எதிர்ப்பக்கமாகச் சுருட்டிக் கட்டி ஒரு நாள், பிறகு விரித்து நான்கு மூலையிலும் பாரம் வைத்து ஒரு நாள் விட்டால் படியும்.

அடிப்பதற்கு முன்னால் சுவரைச் சோதிக்க வேண்டும். டெல்டாவில் நிலத்தடி நீர் மேலாக நிற்கும் ஊர்களில், பழைய வீட்டுக் கீழ்த்தளச் சுவர் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கும். கட்டில் தலைமாடு சரியாக அந்த உயரத்தில்தான் வருகிறது. ஓரடிச் சதுர அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் பதித்து, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கம் ஈரம் என்றால் சுவரே நீரைக் கக்குகிறது. அறைப்பக்கம் ஈரம் என்றால் அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்துவைத்தால் ஓரளவு தீரும். முதல் வகை பாயால் தீராது, பெயின்டாலும் தீராது. எமல்ஷன் அடித்த சுவரில் ஓதம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு இரண்டு மூன்று கை அடித்தால் சுவர் மூச்சு விடும். எமல்ஷன் மேலேயே சுண்ணாம்பு அடித்தால் பிடிக்காது, உதிர்ந்துவிடும்.

மாட்டும் முறை இது. ஒரு அங்குல அகலம், அரை அங்குலக் கனமுள்ள மெல்லிய மரச்சட்டத்தை (ரீப்பர்) 3 அடி நீளத்தில் ஐந்து துண்டு போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தையும் ஒன்றரை அடிக்கு ஒன்றாக, நெட்டுக்குத்தாகச் சுவரில் முடுக்க வேண்டும். ஆசாரிகள் வழக்கமாகச் செய்யும் நாலு பக்கச் சட்டம் இங்கே ஆகாது. மேலும் கீழும் கட்டை ஓடினால் உள்ளே காற்று அடைந்து, பாயின் முதுகு முழுக்கப் பூசணமாகிவிடும். மேலும் கீழும் திறந்திருந்தால்தான் காற்று கீழே நுழைந்து மேலே போகும். ஸ்டேப்ளர் அடிக்கும்போது பின்னின் முதுகு கோரைக்குக் குறுக்கே, அதாவது படுக்கைவாட்டில் விழ வேண்டும். கோரையோடு இணையாக விழுந்தால் இரண்டு குச்சிக்கு நடுவே புகுந்து பிடிக்காமல் போகும். பாய், ரீப்பர், திருகு, பிளக் எல்லாம் சேர்ந்து 2000 ரூபாய்க்குள் முடிந்தது. குஷன் வைத்த தலைமாட்டுப் பலகைக்கு அந்தக் காசு போதாது.

இனி பல்லி. அந்த அரை அங்குல இடைவெளி காற்றுக்காக விட்டது. இருட்டு, சூடு, முதுகும் வயிறும் ஒட்டுகிற நெருக்கம் என்று பல்லிக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே இருக்கிறது. விளக்கு போட்டதும் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வெளியே வரும், விடிந்ததும் பாய்க்குப் பின்னால் போய்விடும். தலையணைமேல் கறுப்பும் நுனியில் வெள்ளையுமாக எச்சம். இடைவெளியைக் குறைத்துப் பயனில்லை. விரல் நுழையாத சந்தில்கூடப் பல்லி நுழைகிறது, அதற்கும் கீழே குறைத்தால் காற்று நின்றுவிடும். முட்டை ஓடும், மயில் இறகும், பூண்டும் எல்லோரும் சொல்வார்கள். மூன்றுமே வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றாலும் ஒன்றும் ஆகவில்லை.

கொசுவலை உதவுகிறது, ஆனால் முழுதாக அடைத்தால்தான். மேலும் கீழும் 3 அங்குல அகலப் பட்டையாக ஃபைபர் வலையை வெட்டி, ரீப்பர்களின் முதுகில் முன்கூட்டியே அடித்துவிட்டு அப்புறம்தான் சுவரில் முடுக்கி, மிச்ச வலையை ரீப்பர் முனைமேல் மடித்து முன்பக்கம் பாய்க்கு அடியில் அடக்க வேண்டும். முடுக்கியபின் வலை அடிக்கப் பார்த்தால் கை நுழையாது. இரண்டு பக்க ஓரங்கள்தான் ஏமாற்றும். ரீப்பர் நேராக இருக்கும், சுவர் நேராக இருக்காது. பூச்சு மேடும் பள்ளமுமாக இருப்பதால் எங்காவது ஒரு சாண் நீளத்துக்குச் சந்து விழும். அதில் சணல் கயிற்றைத் திணித்து அடைக்கலாம். இவ்வளவும் செய்து ஒரு வருடம் நிம்மதியாக இருந்தது. பிறகு வலையின் ஒரு மூலையில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துக் கழன்றது, பல்லி திரும்ப வந்தது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் சாதாரணப் பின்னே வாங்காதீர்கள், உப்புக் காற்று விடாது. துருப்பிடிக்காத எஃகுப் பின் விலை கூடினாலும் அதுதான் நிற்கும்.

இத்தனை கோபத்தோடும் அந்தப் பாயைக் கழற்ற மனம் வராததற்குக் காரணம் ராத்திரி வெளிச்சம். மேலிருந்து டியூப்லைட் அடித்தால் கோரைப் பாய் வெறும் மஞ்சள் தட்டி. அதே பாய்க்குப் பக்கவாட்டில், சுவரிலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளி, 2700 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்) 5 வாட் எல்இடி ஒன்றை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் பாய்மேல் சாய்வாக வழுக்கிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு கோரையும் தனித்தனியாக எழும்பும். ஒரு பக்கம் பொன்னிறம், மறுபக்கம் மயிரிழை நிழல். நூல் கோத்த வரிகள் வாய்க்கால்போல உள்வாங்கி நிற்கும். தடித்த கோரை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். பட்டுப்போன்ற மெல்லிய பாயில் இந்த நிழல் விழாது. கோரை நெட்டுக்குத்தாக இருப்பதால் விளக்கு பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். கீழேயோ மேலேயோ வைத்தால் வெளிச்சம் கோரையோடு சேர்ந்தே ஓடி, நிழலே விழாது.

இன்னொன்று எதிர்பாராதது. மேற்குச் சுவர் சித்திரை வைகாசியில் இரவு பத்து மணிக்கும் கொதிக்கும். பாயும் இடைவெளியும் நடுவில் இருப்பதால் சாய்ந்தால் முதுகு சுடுவதில்லை. முதல் மழைக்கு ஜன்னல் திறந்தால், ஆற்றங்கரையில் அறுத்துப் போட்ட கோரை வாசனை லேசாக வரும். அது முதல் வருடம் மட்டும்.

சாய்வதால் எண்ணெய்க் கறை படியும். தலைபடும் இடத்தில் ஆறே மாதத்தில் தேங்காய் எண்ணெய் வட்டம் விழுந்துவிடும். சோப்புத் தண்ணீர் போட்டால் கறை பரவும், கோரையும் நீர் குடிக்கும். முகப் பவுடரைத் தாராளமாக அப்பி, ஒரு இரவு விட்டு, காலையில் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் கோரை போகும் திசையிலேயே தட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் மங்கும், முழுதாகப் போகாது. காடாத் துணியில் ஒரு முழ அகலப் பட்டை தைத்து மேலே போட்டுக்கொள்வதே வழி.

பூசணம் வெள்ளையாகப் பூத்ததும் ஈரத் துணியை எடுக்காதீர்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பாயைக் கழற்றி வெளியே கொண்டுபோய், உலர்ந்த பிரஷ்ஷால் முதலில் தட்டுங்கள். பிறகு வினிகரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, காலை வெயிலில் 2 மணி நேரம். உச்சி வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் கோரை நொறுங்கத் தொடங்கும். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், நிறமும் போகும், நாரும் இற்றுவிடும்.

மற்ற கைவேலைச் சாமான்கள் பற்றிக் கொஞ்சம். மூங்கில் முறமும் தட்டும் வட்டம் வட்டமாகச் சுவரில் அழகுதான், ஆனால் கட்டிலுக்கு மேலே மாட்டாதீர்கள். உளுத்துப் பூச்சி இருந்தால் மாவு மாவாகப் படுக்கையில் கொட்டும். வாங்கியதும், வார்னிஷ் அடிப்பதற்கு முன், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 30 கிராம் வெண்காரமும் 20 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, இரண்டு பக்கமும் நன்றாக ஊற அடித்து நிழலில் காயவிட வேண்டும். குழந்தைகள் வாயில் வைக்கும் உயரத்தில் அதை மாட்டக் கூடாது. வார்னிஷ் அடித்த மூங்கிலில் இது உள்ளே இறங்காது.

நீர்ச்செடித் தண்டின் வெள்ளைச் சோற்றில் செதுக்கும் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தந்தம் மாதிரி இருக்கும், எடையே இருக்காது. ஆனால் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் வைத்தால் தூசி ஏறி ஒரே வருடத்தில் பழுப்பு. அந்தத் தூசியைத் துடைக்க முடியாது, தொட்டால் அழுங்கும். கையில் காசு குறைவென்றால் மாட்டுப் பொங்கலுக்கு விற்கும் நெட்டி மாலையை வாங்கி ஜன்னல் கம்பியில் கட்டுங்கள், வருடம் ஒன்று மாற்றிக்கொள்ளலாம். நனைந்தால் சாயம் வடியும், சாரல் படாத ஜன்னலாகப் பாருங்கள். கையால் சித்திரம் தீட்டிய கருப்பூர் கலம்காரித் துணி கிடைத்தால் அதை மட்டும் சட்டம் போடுங்கள், அப்போதும் கண்ணாடி துணியில் ஒட்டாமல் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒட்டினால் ஈரம் அங்கேதான் தேங்கும்.

நண்பருக்குப் பதில்: சுவரில் அடிக்க வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது பொருத்தமில்லைதான், ஆனால் இந்தக் கார்த்திகையில் மறுபடி எச்சம் துடைத்த கையோடு எழுதுகிறேன். பாயின் மேல் ஓரத்தில் முதுகுப்பக்கமாக நாலு அங்குலத் துணிக் குழாய் ஒன்று தைத்து, கர்ட்டன் ராடு கோத்து, சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிற்கும் கொக்கிகளில் தொங்கவிடுங்கள். கீழ் ஓரத்திலும் ஒரு கழி கோத்தால் ஆடாது. அவ்வளவு அகலமான, வெளிச்சம் புகுகிற இடைவெளியில் பல்லி தங்குவது குறைவு. காற்றும் தாராளம். ஐப்பசி பிறந்ததும் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுத் தை மாதம் திரும்ப மாட்டலாம், வாடகை வீட்டுச் சுவரில் நாலு ஓட்டைக்குமேல் விழாது. சாய முடியாது, அது ஒன்றுதான் நஷ்டம், அது சின்ன நஷ்டமும் இல்லை. அதற்கும் முன்னால் அந்த அலுமினியத் தாளை ஒட்டுங்கள். சுவர்ப்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் கட்டிலையே வேறு சுவருக்கு நகர்த்துங்கள்.