டீச்சரம்மாவுக்கு நினைவு மலர்: அச்சகத்திடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

வேப்பேரி, புரசைவாக்கம், இராயப்பேட்டைப் பக்கம் நினைவு மலரை முழுப் பொறுப்பாக எடுத்துச் செய்யும் அச்சகங்கள் இருக்கின்றன. ஒரு படம், பிறந்த தேதி, நித்திரையடைந்த (இறந்த) தேதி, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெயர் கொடுத்தால் போதும். வாழ்க்கைக் குறிப்பை அவர்களே எழுதி, பக்கம் அமைத்து, முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு முன்பு கட்டுக் கட்டித் தந்துவிடுவார்கள். அச்சு வேலையில் பெரிய குறை இல்லை. எழுத்து வேலைதான் தேறவில்லை. பள்ளிக்கும் கோயிலுக்கும் (தேவாலயத்துக்கும்) வீட்டுக்குமாக உழைத்த ஒரு டீச்சருக்கு மலர் போடுகிறவர்கள் அச்சை மட்டும் அவர்களிடம் விடுங்கள். வாழ்க்கைக் குறிப்பு வீட்டில்தான் எழுதப்பட வேண்டும்.

அச்சகத்துக் குறிப்பு பெரும்பாலும் ஒரே அச்சு வார்ப்பு. 'ஜெப வீராங்கனை, அன்பின் சிகரம், முன்மாதிரித் தாய்' என்ற வரிகளில் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். எந்த வகுப்பு எடுத்தார், எந்த ஊரில் வேலையைத் தொடங்கினார், ஓய்வுநாள் பள்ளியில் (சண்டே ஸ்கூலில்) எத்தனை வருஷம், சபைப் பெண்களின் அமைப்பான பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கணக்கு எழுதினாரா, அறுப்பின் பண்டிகைக்கு என்ன செய்து கொடுப்பார், யாருக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஆராதனைக்கு வரும் பழைய மாணவர்கள் தேடுவது இந்த விவரங்களைத்தான்.

தேதிகளை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, கோயில் பதிவேட்டில் வேறொன்று என இருப்பது அந்தத் தலைமுறையில் சகஜம்; பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருப்பார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த நாளும் ஞானஸ்நானம் பெற்ற நாளும் தனித்தனியாக இருக்கும். சபை ஆயரிடம் கேட்டு அதையே அச்சிடலாம். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில்தான் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. அதற்கு முன் ஞானஸ்நானம் பெற்றவரை 'சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானம் பெற்றார்' என்று அச்சிட்டால் பிழை. அந்தக் காலத்தில் அந்தக் கோயில் எந்த மிஷனரி சங்கத்தைச் சேர்ந்ததோ அதை எழுத வேண்டும்.

படிப்பிலும் இதே கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 1978-க்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. அதன் பிறகு கல்லூரியில் புகுமுக வகுப்பு. அச்சகத்துப் பிள்ளைகள் இதைத் தெரியாமல் 'பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ' என்று திருத்திவிடுவார்கள். பணி ஓய்விலும் ஒரு சிக்கல் உண்டு: 2020 வரை 58 வயது முடிந்த மாதக் கடைசியில் ஓய்வு, ஆனால் கல்வியாண்டின் நடுவில் வந்தால் மே 31 வரை மறுநியமனம் என்று இருந்தது. அதனால்தான் வீட்டில் ஒரு தேதியும் ஓய்வூதியப் புத்தகத்தில் ஒரு தேதியும் சொல்கிறார்கள். இரண்டையும் எழுதிவிட்டால் சண்டை இல்லை. தலைப்பெழுத்தும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தவர்களை முதல் சில வருஷத்து மாணவர்கள் அப்பா பெயரின் எழுத்தோடுதான் அறிவார்கள். பழைய பெயரையும் ஒரு வரியில் போடுங்கள்.

அவர் கையெழுத்தில் உள்ள கடிதங்களை அச்சகத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொல்வதானால் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதக் கற்றவர்கள் ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் யானைத் தும்பிக்கை போன்ற வளைவு போட்டும், ணா, றா, னா ஆகியவற்றைச் சுழித்தும் எழுதுவார்கள். இருபது வயதுப் பிள்ளைக்கு அது வேறு எழுத்தாகத் தெரியும்.

பணம் கொடுத்து வாங்கும் சேவையில் அதிகம் பிழை வருவது எழுத்துருவில்தான். கைபேசியில் யூனிகோடில் தட்டி அனுப்புவதைப் பல அச்சகங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைக்கின்றன. பாமினியில் காற்புள்ளி விசையில் 'இ' இருக்கிறது. எனவே மாற்றும்போது நழுவிய காற்புள்ளியெல்லாம் 'இ' ஆகிவிடும். ஆங்கிலத்தில் தட்டிய பட்டங்கள் பொருளில்லாத தமிழ் எழுத்தாகும். யூனிகோடையே வைத்து இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் செய்கிறவர்கள் சரியான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி 'தேவன்' என்பது 'தவேன்' போல நிற்கும். வேத வசனத்தில் இப்படி நேர்ந்தால் மனது தாங்காது. கணினித் திரையில் காட்டும் புரூஃபை ஏற்காதீர்கள். தாளில் எடுத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் மூலத்தைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

தாள் விஷயத்தில் அச்சகம் 130 ஜி.எஸ்.எம். (தாளின் எடை அளவு) பளபளப்பு ஆர்ட் பேப்பரைத்தான் முதலில் காட்டும். படங்களுக்கு அது அழகு. ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணாடி போட்ட பெரியவர்களுக்கு எழுத்து மின்னி மறையும். உள் பக்கத்துக்கு மேப்லித்தோ (மினுக்கில்லாத சாதாரண அச்சுத்தாள்) அல்லது மேட் தாள், 13 அல்லது 14 புள்ளி எழுத்து, படப் பக்கங்களுக்கு மட்டும் ஆர்ட் பேப்பர் என்று கேளுங்கள். நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 18 பக்கத்துக்கு விஷயம் வைத்திருந்தால் 20 ஆக்குங்கள், இல்லையேல் 16-க்குச் சுருக்குங்கள். 200, 300 பிரதிக்கு டிஜிட்டல் அச்சே போதும். அதில் அட்டையின் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும். மடிக்கும் முன் க்ரீஸ் (மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிப்பது) போட்டு, மேட் லேமினேஷன் செய்யச் சொன்னால் தப்பிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். பழைய ஸ்டூடியோ படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யலாம். ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்த்து எடுக்கக் கூடாது. பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுத்தால் போதும். இன்னொன்று, அச்சகங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு: வகுப்புக் குழுப்படத்தை நடுப்பக்கத்தில் இரண்டு பக்கமும் பரப்பிப் போடுவது. குழுப்படத்தில் டீச்சர் உட்காருவது முன்வரிசையின் நடுவில். மடிப்பும் பின்னும் அவர் முகத்திலேயே விழும். அந்தப் படத்தைக் குறுக்காகத் திருப்பி ஒரே பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

ஆராதனை முறைமையும் இதே மலரில் வருவதானால் பாட்டு எண்ணை மட்டும் போடாதீர்கள். பாமாலைப் புத்தகத்துக்கு ஒரு எண் வரிசை, கீர்த்தனைப் புத்தகத்துக்கு வேறொரு எண் வரிசை. அன்று வரும் மாணவர்களில் கோயிலுக்கே புதியவர்கள் பலர் இருப்பார்கள். இந்துவோ முஸ்லிமோ, டீச்சருக்காக வந்தவர்கள். முழுப் பாட்டையும் அச்சிட்டால் அவர்களும் சேர்ந்து பாடலாம்.

குடும்பப் பக்கத்தைக் கடைசியாக மூடுங்கள். மூத்தவர் முதல் வரிசையாக, மருமக்கள் பெயரோடு, காலமானவர்களுக்கு 'காலஞ்சென்ற' சேர்த்து எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பிச் சம்மதம் வாங்கிய பிறகே அச்சுக்குப் போகட்டும். பிரதிகளை ஆள் கணக்கில் இல்லாமல் வீட்டுக் கணக்கில் எண்ணுங்கள். அதற்கு மேல் ஐந்து பிரதி: இரண்டு அவர் வேலை செய்த பள்ளிக்கு, ஒன்று கோயில் அலுவலகத்துக்கு, ஒன்று பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு, ஒன்று பிழை கண்டால் குறித்து வைக்க வீட்டில். எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். கோப்பை முழுப் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்குங்கள்.