திருகோணமலையில் ஆறு சனிக்கிழமைகள்: ஆலோசகர்களுக்கான ஏஐ வகுப்பு

பதினான்கு வருடமாகச் சிறு வியாபாரங்களுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். 2022 நவம்பரில், கேட்டதை எழுதித் தரும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவியான சாட்ஜிபிடி வந்த பிறகு, கடனுக்கான அறிக்கையை வாடிக்கையாளர்களே தயாரித்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அந்தப் பயத்தில்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் இரண்டு வாரமும் வீண். திரையில் படம் காட்டியே நேரம் போனது. மூன்றாம் வாரம் அவரவர் வேலையைக் கொண்டுவரச் சொன்னார்கள். அங்கேதான் வகுப்பு சூடு பிடித்தது. நிலாவெளி விடுதி ஒன்றுக்கு வருமானக் கணிப்புக் கேட்டேன். கருவி அழகான அட்டவணை தந்தது, ஆனால் டிசம்பரை உச்சப் பருவமாகப் போட்டிருந்தது. அது இலங்கையின் தெற்குக் கரையில் உள்ள காலிக்கும் மிரிஸ்ஸவுக்கும் சரி. கிழக்குக் கரையில் எங்களுக்கு டிசம்பர் என்றால் வடகீழ்ப் பருவமழை, கொந்தளிக்கும் கடல். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்கு ஆட்கள் வருவது மே முதல் செப்டம்பர் வரைதான்.

ஆசிரியை அந்தப் பிழையை வைத்தே இரண்டு மணி நேரம் நடத்தினார். எந்தத் தரவைக் கொடுத்துக் கேட்பது, எந்த எண்ணை யாரிடம் போய்ச் சரிபார்ப்பது, வாடிக்கையாளரின் கணக்குப் புத்தகத்தை ஏன் பெயரோடு உள்ளே போடக்கூடாது என்று ஒவ்வொன்றாக. அந்த ஒரு நாளுக்கே கட்டணம் தகும்.

இப்போது முதல் வரைவு அரை நாளில் முடிகிறது. மிச்ச நேரம் கரையோர மீன் வாடிகளில் (மீனவர் கொட்டில்களில்) போகிறது; ஐஸ் விலையும் டீசல் செலவும் அங்கேதான் கிடைக்கும். அப்புறம், சேருபவர்கள் சொந்தக் கோப்பு ஒன்றை முதல் நாளே கொண்டுபோங்கள். மூன்றாம் வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.