அட்டைத் தடையா, மூணு-நாலு முறையா?

கடலில் என்ன பிடிக்கலாம், எப்போது பிடிக்கலாம் என்பதை நிபுணர் சொல்லி அரசு தீர்மானிக்க வேண்டுமா, கடலுக்குப் போகிறவர்கள் பேசித் தீர்க்க வேண்டுமா? ராமநாதபுரம் கரையில் இரண்டுக்குமே கையருகே உதாரணம் இருக்கிறது.

முதலில் கடல் அட்டை: வெள்ளரிக்காய் வடிவில் கடல் தரையில் வாழும் உயிர். 2001-இல் மத்திய அரசு இதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு என்ன காவலோ அதுவே அட்டைக்கும்; பிடிக்கவே கூடாது. காரணம் வலுவானதுதான். ஊர்ந்து திரியும் உயிர்; மூழ்கத் தெரிந்தவர் கையாலேயே பொறுக்கிவிடலாம். முட்டையையும் விந்தையும் தண்ணீரில்தான் விடும். ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இல்லாவிட்டால் கரு சேராது. எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனால், மிச்சமிருப்பதும் பெருகாது. இதை ஊர்க்கூட்டம் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அட்டை எடுத்துப் பிழைத்தவர் அடுத்த நாள் என்ன செய்வார் என்பதற்கு அறிவியலில் பதில் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது அரசியல்; அது வாய் திறக்கவில்லை. எதிர்க்கரையில், இலங்கையில், உரிமம் வாங்கி அட்டை பிடிக்கலாம். அப்புறம் என்ன, இங்கே எடுத்தது இருட்டில் அங்கே போகிறது. பிடிபட்ட செய்தி இன்றும் வருகிறது. நிபுணர்கள் தொலைவில் இருந்ததால் வந்த வினை என்றும் சொல்ல முடியாது: மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் இதே கரையில், மண்டபத்தில்தான் இருந்தது.

மூணு-நாலு முறை வேறு மாதிரி. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. விசைப்படகு இழுத்துச் செல்லும் பெரிய வலையான இழுவை மடி, நாட்டுப்படகுக்காரர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போனதில் அடிதடி மூண்டது. உட்கார்ந்து பேசி நாளைப் பிரித்துக்கொண்டார்கள். ஆராய்ச்சி அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. முறை தவறிப் போகும் படகு அடுத்தவர் கண்ணில் படாமல் தப்பாது. அட்டைத் தடைக்கு இல்லாத பலம் இது. குறை ஒன்றும் சின்னதல்ல: நாளைப் பங்கிட்டார்களே தவிர, மீனுக்குக் கணக்கு வைக்கவில்லை. மூன்றே நாளில் பெரிய இன்ஜினும் நீண்ட மடியும் எவ்வளவும் அள்ளலாம்.

என்னைக் கேட்டால், ஓரளவு சரியாக அமைந்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீனின் இனப்பெருக்கம் பற்றிய அறிவு அதற்கு அடிப்படை. அந்த நாட்களில் அடுப்பு எரிய நிவாரணம் எவ்வளவு என்பது அரசியல் முடிவு. 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ஆகும் என்று 2023-இல் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு அது போதாது, சரி. ஆனாலும் தொகையைக் கூட்டச் சொல்லி மேடையிலேயே கேட்க இதில் வழி இருக்கிறது. அட்டைத் தடையில் அதுவும் இல்லை.