குரூஸ் பயணத்தில் சாப்பாட்டு ஏற்பாடுகள்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

குரூஸுக்கு, அதாவது சொகுசுக் கப்பல் பயணத்துக்கு, பதிவு செய்யும்போது எல்லோருடைய கவனமும் கேபின் வகையில்தான் போகிறது. பால்கனி வேண்டுமா, ஜன்னல் போதுமா என்று நாள்கணக்கில் பேசுகிறார்கள். அதே படிவத்தில் 'இரவு உணவு நேரம்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும்; அதை யோசிக்காமல் டிக் செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கப்பலில் ஏறிய பிறகு தினசரி வாழ்க்கையை நடத்துவது அந்தக் கட்டம்தான். எந்த நேர நிகழ்ச்சியைப் பார்க்கலாம், துறைமுகத்திலிருந்து திரும்பியதும் குளிக்க நேரம் கிடைக்குமா, குழந்தைகள் எத்தனை மணிக்குத் தூங்குவார்கள் என்பதெல்லாம் அதிலிருந்தே தொடங்குகின்றன.

முறை இரண்டு வகை. ஒன்று, நிலையான நேரம்: முதல் பந்தி மாலை 5:30 அல்லது 6 மணி வாக்கில், இரண்டாவது 8 அல்லது 8:30 வாக்கில். தினமும் அதே மேசை, அதே வெயிட்டர். இன்னொன்று, விரும்பிய நேரத்தில் போவது. கப்பல் நிறுவனங்களில் ராயல் கரீபியனில் 'மை டைம்', கார்னிவலில் 'யுவர் டைம்' என்று பெயர் வேறுபட்டாலும் விஷயம் ஒன்றுதான். நார்வீஜியன் 2000-ஆம் ஆண்டிலேயே நிலையான பந்தியை விட்டு 'ஃப்ரீஸ்டைல்' முறைக்கு வந்துவிட்டது. டிஸ்னி கப்பல்களில் இரவுக்கு ஓர் உணவகமாகச் சுழற்சி முறையில் மாற்றுவார்கள். அதே பரிமாறுபவர்களும் உங்களோடு உணவகம் மாறி வருவார்கள். அது நல்ல ஏற்பாடு.

எது நல்லது என்பதற்கு உங்கள் பயண அட்டவணையே பதில் சொல்லும். ஒவ்வொரு துறைமுக நாளுக்கும் எத்தனை மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். 5 மணிக்கு மேல் திரும்பும் நாட்கள் ஏழு இரவுப் பயணத்தில் மூன்றுக்கு மேல் இருந்தால் முதல் பந்தி ஒத்துவராது. வெயிலில் அலைந்துவிட்டு வந்து, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, லிஃப்ட்டுக்குக் காத்திருந்து கேபினுக்குள் நுழையும்போது பந்தி தொடங்கியிருக்கும். கடலிலேயே கழியும் நாட்கள் அதிகமென்றால் முதல் பந்திதான் சிறந்தது: சாப்பாடு 7:30-க்குள் முடியும், நிகழ்ச்சிக்கு நிதானமாகப் போகலாம், சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் நேரத்தோடு படுக்கலாம். இரண்டாவது பந்தி முடிய 10 மணி ஆகிவிடும். மறுநாள் காலை 7 மணிக்குச் சுற்றுலாப் பேருந்து பிடிக்க வேண்டியவர்களுக்கு அது சோதனை.

விரும்பிய நேர முறையில் சுதந்திரம் உண்டு, நெரிசலும் உண்டு. 6:30 முதல் 7:45 வரை எல்லோரும் ஒரே சமயத்தில் வருவார்கள். கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் வரிசையில் பெயர் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்க வேண்டிவரும். இருவர் மேசைக்கு இன்னும் கூடுதல் நேரம் ஆகும். கதவு திறந்த உடனே போனாலோ 8:15-க்குப் பிறகு போனாலோ பெரும்பாலும் நேராக உட்காரலாம். முன்பதிவு வசதி இருந்தால் எல்லா இரவுக்கும் ஒரே நேரத்தைப் போட்டுவையுங்கள். முதல் இரவு நல்ல வெயிட்டர் அமைந்தால் அவருடைய மேசை எண்ணைக் கேட்டு வாங்கி, மறுநாள் வாசலில் அந்தப் பகுதியையே கேளுங்கள். பல கப்பல்களில் கொடுத்துவிடுவார்கள்.

கேட்ட பந்தி நிரம்பிவிட்டது என்று பதிவில் காட்டினால் விட்டுவிட வேண்டாம். கப்பல் ஏறும் நாள் பிற்பகலில் உணவு நேரத்தை மாற்றித் தர ஊழியர்கள் ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பல சமயம் டைனிங் ரூம் வாசலிலேயே. மாற்றுவதற்கு இருக்கும் இடங்கள் கொஞ்சம்தான், முதலில் வருபவர்களுக்குக் கிடைக்கும். கேபினைப் பார்க்கப் போகும் முன் அங்கே போய்விடுவது நல்லது.

குழுவாகப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஒவ்வொரு கேபினுக்கும் தனித்தனிப் பதிவு எண் இருக்கும். அத்தனை எண்களையும் நிறுவனத்திடமோ முகவரிடமோ கொடுத்து, சாப்பாட்டுக்கு ஒன்றாக இணைக்கச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே பந்தியைத் தேர்ந்திருந்தால்தான் இணைப்பு வேலை செய்யும். நான்கு பேர் முதல் பந்தி, நான்கு பேர் விரும்பிய நேரம் என்றிருந்தால் கணினி அவர்களைச் சேர்க்காது. பெரிய கப்பல்களில் டைனிங் ரூம் இரண்டு மூன்று தளங்களில் இருப்பதால், இணைக்காத குடும்பம் வெவ்வேறு தளங்களில் உட்கார நேரிடும்.

சிறப்பு உணவு வேண்டுபவர்களுக்கு

சைவம், வீகன், குளூட்டன் இல்லாதது, ஒவ்வாமை எதுவாக இருந்தாலும் கப்பல் புறப்படும் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 45 நாட்களுக்கு முன்பு என்பது பொதுவான கெடு. சில பயணங்களுக்கு 90 நாட்கள் வரை கேட்பார்கள். பொருட்களில் பெரும்பகுதியைப் புறப்படும் துறைமுகத்திலேயே ஏற்றிவிடுகிறார்கள். நடுக்கடலில் தனியாக ஒரு மாவோ பாலோ வாங்க வழியில்லை.

ஆனால் படிவத்தில் எழுதியதோடு வேலை முடியவில்லை. அந்தக் குறிப்பு உங்கள் மேசை வெயிட்டர் கைக்கு வந்திருக்கும் என்று நம்ப முடியாது. முதல் இரவு உட்கார்ந்ததும் ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு நேரில் சொல்லுங்கள். அதன் பிறகு நடப்பது கப்பல் சேவையிலேயே மிகவும் பாராட்ட வேண்டிய விஷயம். இனிப்பு வரும் நேரத்தில் அவர் மறுநாள் இரவு மெனுவோடு வந்து நிற்பார். தொடக்க உணவு, முதன்மை உணவு, இனிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதில் எந்தப் பொருளை எடுத்துவிட வேண்டும் என்று மேசை எண்ணோடு குறித்துக்கொள்வார். மறுநாள் உங்கள் தட்டு தனியாகத் தயாராகி வரும். மெனுவில் இருக்கும் பல அயிட்டங்களை இப்படி மாற்றித் தர முடியும். உட்கார்ந்த பிறகு அதே நாள் கேட்டால் முடியாது, காரணம் சாஸும் சூப்பும் காலையிலேயே மொத்தமாகத் தயாராகிவிடும். உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு நிலையான பந்தியையே பரிந்துரைப்பது இதனால்தான். விரும்பிய நேர முறையில் இந்த வசதி இல்லாமல் இல்லை, ஆனால் ஒவ்வொரு இரவும் புதிய வெயிட்டரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மெனுவில் பச்சைக் குறி இருக்கிறதென்று நிம்மதியாகிவிடாதீர்கள். சூப்பில் இறைச்சி ஸ்டாக் (எலும்பு, இறைச்சி வேகவைத்த சாறு), இனிப்பில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், சாஸில் மீன், சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் இருக்கலாம். "இதில் இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "ஸ்டாக் எதில் செய்தது?" என்று கேட்டால்தான் வெயிட்டர் சமையலறைக்குப் போய் விசாரித்து வருவார்.

பஃபே வேறு கதை. ஒரு பாத்திரத்து இடுக்கியைப் பக்கத்துப் பாத்திரத்தில் போடுவது ஒவ்வொரு வேளையும் நடக்கிறது. பொரிப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே எண்ணெயில். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் பஃபேயில் பொறுப்பில் இருக்கும் செஃப்பிடம் சொன்னால், உள்ளேயிருந்து கைபடாத பாத்திரத்தில் எடுத்துத் தருவார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை, அது அவர்களுக்கு வழக்கமான வேலை.

கட்டண உணவகங்களும் பானப் பேக்கேஜும்

தனியாகப் பணம் கட்டிச் சாப்பிடும் கட்டண உணவகங்களைக் கப்பலில் ஏறிப் பதிவு செய்வதைவிட முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்வது பெரும்பாலும் மலிவு. பதிவு செய்த பிறகும் விலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். குறைந்தால் ரத்து செய்துவிட்டுப் புதிய விலையில் போடுவதைப் பல நிறுவனங்கள் புறப்படும் முன் வரை அனுமதிக்கின்றன. முதல் இரவு கூட்டம் குறைவு, தள்ளுபடியும் அடிக்கடி கிடைக்கும். கடல் நாட்களின் இரவுகள் முதலில் நிரம்பும்.

எல்லா இரவும் கட்டண உணவகம் என்ற பேக்கேஜ் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. அங்கே ஒரு சாப்பாடு முடிய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். தினமும் அப்படி உட்கார்ந்தால் நிகழ்ச்சிகள் கைவிட்டுப் போகும். மூன்று இரவுப் பேக்கேஜ் அளவாக இருக்கும். பேக்கேஜ் வாங்கிவிட்டாலே மேசை உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சில நிறுவனங்களில் மேசைகளைக் கப்பலில் ஏறிய பிறகுதான் ஒதுக்குவார்கள், அதனால் ஏறிய உடனே அந்த உணவகத்துக்குப் போய் எல்லா இரவுக்கும் நேரம் வாங்கிவிட வேண்டும். ரத்து செய்வதென்றால் கெடு எப்போது என்று பாருங்கள், 24 மணி நேரம் என்பது சாதாரணம். அதைத் தாண்டி வராமல் இருந்தால் கட்டணம் பிடிப்பார்கள்.

தினசரி ஒரு விலை கட்டி, பானங்களுக்குத் தனித்தனியாகக் காசு கொடுக்காமல் குடிப்பதுதான் பானப் பேக்கேஜ்; அதில் கணக்குப் போடாமல் கை வைக்கக் கூடாது. தினசரி விலையோடு 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணத்தைச் சேருங்கள். அதை, அதே சேவைக் கட்டணம் சேர்த்த ஒரு பானத்தின் சராசரி விலையால் வகுங்கள். தினமும் அத்தனை பானங்கள் குடித்தால்தான் முதலுக்கு மோசமில்லை. துறைமுக நாட்களில் பகல் முழுக்க வெளியே இருப்பீர்கள். அந்த நாட்களுக்குப் பாதிதான் வைத்துக் கணக்கிட வேண்டும். மதுப் பேக்கேஜ் என்றால், ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டிலுமே ஒரு கேபினில் ஒருவர் வாங்கினால் அதே கேபினில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும் என்பது பொது விதி. நாள் பார்த்து வாங்க முடியாது, பயணம் முழுவதற்கும்தான். கார்னிவல் பேக்கேஜில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானம் என்ற வரம்பும் உண்டு. தண்ணீர், சாதாரணக் காபி, டீ எல்லாம் பஃபேயில் இலவசமாகவே கிடைப்பதை மறக்க வேண்டாம்.

பேக்கேஜ் இல்லாமல் குடித்தால் ஒவ்வொரு முறையும் ரசீது வரும். அதில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதற்குக் கீழே 'கூடுதல் டிப்ஸ்' என்று ஒரு காலி வரி இருக்கும். அதைக் கட்டாயம் என்று நினைத்து இரண்டு முறை டிப்ஸ் கொடுப்பவர்கள் ஏராளம். கொடுக்க விருப்பமில்லையென்றால் கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஏறும் நாள்

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் ஒப்படைத்தால் கேபின் வாசலுக்கு வர மாலை ஆகும், சில நேரம் இரவு 7, 8 மணிகூட ஆகலாம். முதல் பந்தி எடுத்தவர்கள் அன்றிரவு உடுத்தும் துணியைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். மருந்துகள், பாஸ்போர்ட், சார்ஜர், நீச்சல் உடையும் கைப்பையில்தான்.

12 முதல் 1:30 வரை பஃபே நிரம்பி வழியும். டைனிங் ரூமோ சின்னக் கஃபேயோ திறந்திருக்கிறதா என்று ஆப்பில் பாருங்கள், அங்கே காலியாக இருக்கும். பாதுகாப்புப் பயிற்சியை முதலிலேயே முடித்துவிடுங்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற குரூஸ் கப்பல் கவிழ்ந்த பிறகு சர்வதேச விதி கடுமையானது. 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் வீடியோவை ஆப்பில் பார்த்துவிட்டு உங்கள் கூடுமிடத்துக்கு (ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடம்) போய் அறை அட்டையைக் காட்டினால் போதும்.

சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு, அயர்ன் பாக்ஸ், கெட்டில் எதையும் எடுத்து வராதீர்கள், பறிமுதலாகும். கப்பலின் மின்னமைப்பு வீட்டிலுள்ளது போல் ஒரு முனை தரையோடு இணைந்ததாக இருக்காது. அங்கே சர்ஜ் போர்டு சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று 2013-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரித்தது. சர்ஜ் இல்லாத யுஎஸ்பி சார்ஜர் போதும். கேபின் சுவர் இரும்புத் தகடு என்பதால் நான்கைந்து காந்தக் கொக்கிகள் எடுத்துப் போனால் ஈரத் துணி, தொப்பி, பை எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். கேபின் தேர்வில் ஒரே ஒரு எச்சரிக்கை: தளப் படத்தில் உங்களுக்கு நேர் மேலே பஃபேயோ சமையலறையோ இருக்கிறதா என்று பாருங்கள். விடியும் முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் தொடங்கிவிடும்.

கை கழுவுவதில் சமரசம் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். பஃபே வாசலில் இருக்கும் கைகழுவும் தொட்டியைத் தாண்டிப் போகாதீர்கள்.

துறைமுக நாட்களும் கணக்கு முடிப்பதும்

துறைமுக நாள் காலை 8 முதல் 9 வரை பஃபேயில் இடம் தேடுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். முந்தைய இரவே அறைச் சேவை அட்டையை நிரப்பிக் கதவில் மாட்டுங்கள், அல்லது ஆப்பில் சொல்லுங்கள். எளிய காலை உணவு பல கப்பல்களில் இலவசம். கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள். ஃபோன் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், அதை நம்பிக் கப்பலைத் தவறவிட்டவர்கள் உண்டு. கடலில் ஃபோனை விமானப் பயன்முறையில் போட்டு வைஃபை மட்டும் இயக்குங்கள், இல்லையென்றால் கப்பலின் செல் கோபுரம் ரோமிங் கட்டணம் ஏற்றிவிடும். பஃபேயிலிருந்து பழமோ சாண்ட்விச்சோ கரைக்கு எடுத்துப் போவதைப் பல துறைமுகங்கள் தடை செய்கின்றன.

கப்பலில் ரொக்கம் செல்லாது, எல்லாம் அறை அட்டையில் ஏறும். கணக்கோடு டெபிட் கார்டை இணைத்தால் செலவழித்ததற்கு மேலேயே ஒரு தொகை முடக்கப்பட்டு, விடுபடச் சில நாட்கள் ஆகும். கிரெடிட் கார்டுதான் வசதி. அதோடு ஒவ்வொருவருக்கும் தினசரி டிப்ஸ் தானாக ஏறும். முன்கூட்டியே கட்டிவிட்டால் கடைசியில் பெரிய தொகையாக வந்து நிற்காது. நிறுவனம் தரும் கப்பல் கிரெடிட் (கப்பலில் செலவழிக்கத் தரும் தொகை) 'திரும்பத் தரப்படாத' வகையென்றால் கடைசி நாளுக்குள் செலவழித்தாக வேண்டும், அதைக் கட்டண உணவகத்தில் கழிப்பதே எளிது.

கணக்கை ஆப்பில் தினமும் பாருங்கள். தவறான பானமோ ரத்து செய்த மேசையோ ஏறியிருந்தால் அன்றே விருந்தினர் சேவை மேசையில் சொல்ல வேண்டும். கடைசிக் காலையில் அங்கே வரிசை நீளும். கடைசி இரவு 10, 11 மணிக்குள் பெட்டிகளை வெளியே வைக்க வேண்டும், அதனால் இரண்டாவது பந்திக்காரர்கள் சாப்பிடப் போகும் முன்பே அடுக்கிவிட வேண்டும். மறுநாள் போடும் துணியையும் செருப்பையும் வெளியே எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். இறங்கும் நாள் காலை உணவு வழக்கத்தைவிடச் சீக்கிரமே முடிந்துவிடும். பஃபேயைவிட டைனிங் ரூமில் அன்று நிம்மதியாகச் சாப்பிடலாம்.