ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைட்டிச் சாப்பாடு: தாராளமாகப் போகலாம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய்விடலாம். ஹைட்டிக்காரர்கள் நடத்தும் சின்ன உணவகம்.

க்ரியோ என்கிற பன்றிக்கறிதான் இங்கே முக்கியம். புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து, வேகவைத்து, அப்புறம் பொரிக்கிறார்கள்; மேலே மொறுமொறுப்பு, உள்ளே அவ்வளவு மிருது. கூடவே தட்டையாக நசுக்கி இரண்டு தரம் பொரித்த வாழைக்காய், காளான் தண்ணீரில் வெந்த கறுப்புச் சோறு. பிக்லிஸைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: முட்டைக்கோஸும் கேரட்டும் காரமான மிளகாயோடு வினிகரில் ஊறியது, நாக்கில் சுரீரென்று ஏறும், நம் ஆட்களுக்கு நிச்சயம் பிடிக்கும். பரிமாறியவர்கள் ஒவ்வொன்றும் என்னவென்று பொறுமையாக விளக்கினார்கள்.

இந்த ஊர் ஹைட்டி மக்களைப் பற்றித்தான் 2024 செப்டம்பர் 10 அன்று ஏபிசி தொலைக்காட்சியின் அதிபர் வேட்பாளர் விவாதத்தில், நாயைத் தின்கிறார்கள், பூனையைத் தின்கிறார்கள் என்றார் ட்ரம்ப். பக்கத்து வீட்டுக்காரர் மகளுடைய தோழியின் பூனை காணோம் என்று ஃபேஸ்புக்கில் வந்த ஒரு பதிவுதான் இந்த வதந்திக்கு முக்கிய ஆதாரமாகச் சுற்றியது. நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்று நகர நிர்வாகம் சொன்னதை நெறியாளர் அதே மேடையில் எடுத்துச் சொன்னார், ஆனால் பரவியது அந்த மறுப்பு இல்லை. அடுத்த சில நாட்களில் 30-க்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன, பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. எல்லாம் வெற்று மிரட்டல்கள்தான், ஆனால் பிள்ளையை மறுநாள் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு அது எப்படித் தெரியும்?

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் வேறு. இவர்களில் பெரும்பாலோர், சொந்த நாடு திரும்புவது ஆபத்து என்பதால் அமெரிக்கா தரும் தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்து (TPS) உள்ளிட்ட வழிகளில் சட்டப்படி இருந்தவர்கள், வேலை அனுமதி வைத்திருந்தவர்கள். ஹைட்டிக்கு அந்த அந்தஸ்து 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு முதன்முதலில் கிடைத்தது. சட்டப்படி இருப்பவர்கள் என்று தெரிந்தும், நான் அவர்களைச் சட்டவிரோதிகள் என்றுதான் சொல்வேன் என்றார் அப்போது ட்ரம்பின் துணை அதிபர் வேட்பாளராக இருந்த வான்ஸ். ஊடகங்கள் திரும்பிப் பார்க்கக் கதைகளை உருவாக்க வேண்டுமென்றால் உருவாக்குவேன் என்றும் சிஎன்என்னில் பேசினார். 2025-இல் ட்ரம்ப் அரசு அந்த அந்தஸ்தையே முடிப்பதாக அறிவித்தது, விஷயம் நீதிமன்றம் போனது. முதலில் சட்டவிரோதி என்ற பட்டம், காகிதத்தைப் பிடுங்குவது அதற்கப்புறம். நம் ஊர் வாட்ஸாப் குழுக்களிலும் அந்தப் பூனைக் கதையைச் சிரிப்பாகப் பகிர்ந்தார்கள், விசா வரிசையில் வருடக்கணக்காக நிற்பவர்களே பகிர்ந்தார்கள். அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மதியம் கூட்டம் அதிகம், க்ரியோ சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள், ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளம்.